எடை

உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில்தான்
விமானி எங்களை ஏற்றி எடை பார்த்தார்.
கெயோன் ஓடுதளம், ஜூன் மாதம், மழை.
சுனில்டா, மார்பில் கட்டிய அக்கார்டியனோடு: எழுபத்தொன்று.
எலெயுதேரியோ, கிட்டாரோடும் இருமலோடும்: அறுபத்தாறு.
இருமலுக்கும் டிக்கெட் போடுங்கள் என்றாள் சுனில்டா.
பிறகு நான், என்னைவிட உயரமான என் டபுள் பேஸ்.
முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினார்.
"நீ மட்டும் வா. இல்லை, ரெண்டு பேரும் வேண்டாம்."

மரத்தைத் தனியே விட மனசில்லை என்று சொன்னேன்.
அது பாதிதான் உண்மை.
கப்பலில் போனால்
எட்டு மணி நேரம் அந்த இருமல் கேட்காது.

என் இருக்கையில் ஒரு பையன் ஏறினான்.
கடைவாய்ப்பல் பிடுங்கி, கன்னம் வீங்கி,
தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தான்.
மெலிங்காவில் வீடு. பேச முடியாமல்
கட்டைவிரலை உயர்த்தி எனக்கு நன்றி சொன்னான்.
பட்டியலில் என் பெயரை அடிக்க
விமானியின் பேனா மழையில் எழுதவில்லை.
பரவாயில்லை, இறங்கி எழுதிக்கொள்கிறேன் என்றார்.

கப்பலில் லாரி ஓட்டுநர்களோடு சீட்டாடினேன்.
நாலாயிரம் பெசோவும்
கயிற்றில் கோத்த புகையிட்ட சிப்பிக்கறி ஒரு சரமும் ஜெயித்தேன்.
இன்றைக்கு எனக்குக் கைராசி என்று
மேசையைத் தட்டிச் சிரித்தேன்.
மணி பதினொன்று இருபது.
அந்த மணியைப் பின்னால்தான் கணக்குப் போட்டேன்,
இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சமையலறை வானொலி பெயர்களை வாசித்தது.
என் பெயரையும்.
நிபால்டோ ஒயார்சோ மன்சீயா:
அம்மா வழிப் பெயரைக்கூட விடவில்லை.
சமையல்காரி நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு
என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.
அவளுக்கு நான் யாரோ ஒரு பேஸ்காரன்.

கேப்டனிடம் போய், அது நானில்லை,
நான் இங்கே இருக்கிறேன் என்று
சொல்லியிருக்க வேண்டும். பத்துப் படி ஏறினால் போதும்.
ஏறவில்லை.
தார்ப்பாய்க்குள் என் வாத்தியத்தின் பக்கத்தில்
மூன்று மணி நேரம் செத்துக் கிடந்தேன்.
அவர்களோடு இருந்தேன் என்று ஒருநாள் சொல்லிக்கொள்வேன்.
நாக்கு எழவில்லை என்று இன்னொரு நாள்.

கரையில் என்னைப் பார்த்த போலீஸ்காரர்
பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
அப்படியென்றால் அது யார் என்று கேட்டார்.

ஒர்தென்சியாவின் வீட்டில்
பையனின் சட்டைகள் அடுப்புக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தன.
வானொலியை அவளும் கேட்டிருக்கிறாள்.
விமானத்துக்கு இடம் கிடைத்திருக்காது,
கப்பலில் வருவான் என்றிருந்தாள்.
பல் பிடுங்கிய வாய்க்கு மெல்ல முடியாதே என்று
பாலும் ரவையும் காய்ச்சி மூடி வைத்திருந்தாள்.
ஜன்னலில் ஒரு மெழுகுவர்த்தி:
முன்பின் தெரியாத நிபால்டோவுக்காக.

என் மௌனம் அவளுக்கு மூன்று மணி நேரம் கொடுத்ததா,
அவளிடமிருந்து எடுத்ததா?
போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.
நான் என் பெயரைச் சொன்னேன்.

இப்போது கல்யாணங்களில் வாசிக்கிறேன்.
புது அக்கார்டியன்காரன் நல்ல பையன், சுருதி சுத்தம்.
அவன் மூச்சு வாங்கும் இடைவெளியில்
என் தந்தி ஒரு தட்டு பிந்துகிறது.
வயசாகிவிட்டது என்கிறார்கள். தலையாட்டுகிறேன்.
சந்தையில் தராசைக் கண்டால்
சுற்றிக்கொண்டு போகிறேன்.

அன்றிரவு ஒர்தென்சியா அழுது முடித்து,
அல்லது அழுகைக்கு நடுவில்,
எனக்குத் தெரியவில்லை,
பாத்திரத்தை என் முன்னால் நகர்த்தினாள்.
"வீணாகப் போகும், சாப்பிடு."

காலையிலிருந்து மீனும் சிப்பியும் தின்றவன் நான்.
இருந்தும் சாப்பிட்டேன்.
பட்டை போட்டிருந்தாள், சர்க்கரை சரியாக இருந்தது.
அடியில் பிடித்ததையும்
கரண்டியால் சுரண்டித் தின்றேன்.